பன்னிரண்டு கோடு வளைந்த வெளிச்சம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

லேப்ல நீ விட்டுட்டுப் போன ஸ்க்ரூட்ரைவர் செட், நீலக் கோட்டு, டீ கப் மூணையும் தனிப் பார்சலா அனுப்பியிருக்கேன். கப்போட காது ஏற்கெனவே உடைஞ்சிருந்தது. அதையும் என் தலையில போட்டுடாத.

போன் எடுக்க மாட்டேங்கற. உன் மாமா போன்ல இருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வெச்சுடற. அதனால கடிதம். கையால எழுதி எத்தனை வருஷம் ஆச்சோ, ரெண்டு வரிக்கே விரல் வலிக்குது.

விஷயத்துக்கு வரேன். அக்டோபர்ல நாம எடுத்த அறுபது ரீடிங்கை வெச்சுத்தான் கட்டுரை போட்டோம், உனக்கே தெரியும். லேசரோட நிறத்தை ஒரு துளி மாத்தினா, குப்பிக்குள்ள இருக்கிற ஆவி வெளிச்சத்தை ஸ்க்ரீன் அளவுகோல்ல பன்னிரண்டு கோடு தள்ளி வளைக்குதுன்னு எழுதினோம். இப்ப வேற ரெண்டு லேப்ல அதையே செஞ்சு பார்த்திருக்காங்க. ஒருத்தருக்கு மூணு கோடு, இன்னொருத்தருக்கு நாலு. இங்க நம்ம ஆராய்ச்சி மாணவி சுருட்டைக்கும் நாலுக்கு மேல போக மாட்டேங்குது. அவளோட பிஎச்.டி. முழுக்க இந்தப் பன்னிரண்டு மேலதான் நிக்குது. தினமும் காலைல என் ரூம் வாசல்ல வந்து நின்னுட்டுப் போறா.

பன்னிரண்டு வந்தது நாலாவது குப்பியில மட்டும்தான். அதுவும் ஹீட்டர்ல விரிசல் விட்டுப் போயிடுச்சு. அதனால எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த நாலாவது குப்பியை நீ எப்படி நிரப்பின? எத்தனை நாள் சூடு பண்ணின, எவ்வளவு ருபிடியம் விட்ட, எப்ப மூடின? ஒண்ணு விடாம எழுது.

நவம்பர்ல நம்ம சோதனையைப் பார்க்க வந்தவங்க முன்னாடி, அஞ்சாவது குப்பியில பன்னிரண்டு வராதப்ப, நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு நீ நினைக்கலாம். நிலைமை அப்படி இருந்தது. நீயும் மறுத்து ஒரு வார்த்தை பேசல.

உன் பொண்ணு வாலு நல்லா இருக்காளா? ஸ்கூல்ல பல் விழுந்ததுன்னு மாமா சொன்னார்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

பார்சல் வந்தது. கப் காது உடைஞ்சது உன்னாலதான். நீ டீயைக் குடிச்சுட்டு அதுலயே பேனாவைப் போட்டு வைப்ப. சரி, அதை விடு.

நான் இப்ப மூக்குக்கண்ணாடிக் கடையில இருக்கேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ல, ஒரு ஆள் குறுக்கே படுத்தா நிரம்பிப் போற கடை. லென்ஸை பிரேமுக்குத் தக்கபடி ஓரம் தேய்க்கிறது என் வேலை. பவர் சரியா இருக்கான்னும் பார்ப்பேன். எங்க முதலாளி பெரிய வாயாடி. முன்னாடி என்ன வேலை பார்த்தேன்னு தினமும் ஒரு தடவை கேட்பார். நான் சொன்னேன்: முப்பட்டைக் கண்ணாடி வெளிச்சத்தை வளைச்சு நிறம் நிறமாப் பிரிக்குமில்ல, ஆனா அது எவ்வளவு வளைக்குமோ அவ்வளவுதான், நாம சொன்னாக் கேட்காது. அதுக்குப் பதிலா நாங்க ஒரு முக்கோணக் குப்பியில ருபிடியம்னு ஒரு உலோகத்தை அடைச்சு, சூடு பண்ணி ஆவியாக்குவோம். அதுக்குள்ள ஒரு சிவப்பு லேசரை விட்டா அணுவெல்லாம் சேர்ந்து அதை முழுங்கிடும். ஆனா கூடவே இன்னொரு லேசரைச் சரியா விட்டா, முழுங்காம வழி விடும். அந்த நேரத்துல முதல் லேசரோட நிறத்தை ஒரு நூல் மாத்தினாப் போதும், வெளிச்சம் வேற பக்கம் வளையும். ரெண்டாவது லேசரைக் கூட்டிக் குறைச்சா, எவ்வளவு வளையணும்னு நாமே முடிவு பண்ணலாம். இவ்வளவும் கேட்டுட்டு அவர், "ஆவியைப் பிடிச்சுக் குப்பியில அடைச்சவனா நீ? அப்ப கல்லாவுல உன்னை உட்கார வைக்க மாட்டேன்பா, பயமா இருக்கு"ன்னார்.

இப்ப உன் கேள்விக்கு வரேன். நாலாவது குப்பியை எப்படி நிரப்பினேன்னு கேட்டிருக்க. அஞ்சாவதை எப்படி நிரப்பினேனோ அப்படித்தான். ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே பம்புல, பக்கத்துல பக்கத்துல மாட்டினேன். மூணு நாள் சூட்டுல வெச்சு உறிஞ்சினேன். ஒரே ருபிடியத்தைத்தான் ரெண்டுக்கும் பிரிச்சு விட்டேன். ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. நாலாவது உனக்கு உத்தமம், அஞ்சாவது என் கவனக்குறைவு. எப்படிக்கா?

இருபது பேர் முன்னாடி, "குப்பியை நிரப்பினதுல கவனக்குறைவு, காத்து புகுந்திருக்கு"ன்னு சொன்ன. நான் உன் பக்கத்துலதான் கையில ஸ்பேனரோட நின்னுட்டிருந்தேன். அதோட விட்டியா? என் ஃபைல்லயும் எழுதி வெச்சிருக்க. இங்க கண் ஆஸ்பத்திரியில, கண் பரிசோதிக்கிற மெஷினெல்லாம் பார்த்துக்க ஆள் எடுத்தாங்க. இன்டர்வியூ முடிஞ்சது, கை குலுக்கினாங்க, சேர்ற தேதி வரைக்கும் பேசினாங்க. அப்புறம் நம்ம ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்காங்க. பதில்ல ஒரே வரி. "இவரது கவனக்குறைவால் ஆய்வுப் பொருள் பழுதடைந்தது." கீழ உன் கையெழுத்து.

என்னை வேலைக்கு எடுக்க யோசிக்கிறாங்க, சரி. ஆனா உன் கையெழுத்தை எதுக்கு எனக்கு ஜெராக்ஸ் எடுத்துக் காட்டணும்? அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். வாலு, "அத்தை எழுத்துதானே அது, எனக்கா?"ன்னு கேட்டா. அவ பிறந்தநாள் கார்டுல பார்த்த எழுத்து, கண்டுபிடிச்சுட்டா.

மேல எழுத முடியல.

தம்பி


மார்ச் 2

தம்பி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆச்சு. நாலு தடவை பதில் எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது. கிழிக்காம அனுப்பிடணும்னு பார்க்கிறேன்.

அந்த வரியை நான்தான் எழுதினேன். டைரக்டர் எழுதச் சொல்லல. யாரும் சொல்லல. வந்தவங்க போனதும் காரணம் என்னன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுன்னு மட்டும்தான் கேட்டாங்க. நான் வேற என்ன வேணாலும் எழுதியிருக்கலாம். தெரியலைன்னு எழுதியிருக்கலாம். நான் உன்னை எழுதினேன்.

இதையும் சொல்லிடறேன். உன் கடிதம் படிச்சதும் அஞ்சாவது குப்பியைச் சோதிச்சுப் பார்த்தேன். இதை நான் நவம்பர்லயே செஞ்சிருக்கணும். காத்து புகல. துடைச்சு வெச்ச மாதிரி சுத்தமா இருக்கு. நீ நிரப்பினதுல ஒரு குத்தமும் இல்ல.

அப்ப அந்த வரியைத் திருத்த வேண்டியதுதானேன்னு கேட்பே. திருத்தத்தான் போறேன். ஆனா குப்பி மேல தப்பு இல்லைன்னு எழுதினா, அப்ப தப்பு எங்கன்னு உடனே கேட்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் வேணும். வெறுங்கையோட போய் நிக்க முடியாதுடா. இதுக்காக ஒரு யோசனை.

ஒரு நாள் வா. ஒரே ஒரு நாள். உன் பழைய நாற்காலியில உட்கார்ந்து அஞ்சாவது குப்பியில அறுபது ரீடிங் எடுத்துக் குடு. அதே கண்கட்டு முறையில: நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் சீட்டு எடுத்து நிறத்தை வைப்பேன், நீ அந்தப் பக்கம் குறிக்கணும். சுருட்டைக்கு இன்னும் கண் பழகல. வெளிச்சம் தட்டுல சிந்தின எண்ணெய் மாதிரி பரவித்தானே விழுது, அதோட நடு எதுன்னு பார்க்கிறதுக்கு உன் கண்தான் சரி. கம்ப்யூட்டர்கூட தடுமாறுது. பன்னிரண்டு வந்துட்டா எல்லாம் சரியாயிடும். குப்பி நல்ல குப்பி, ஆளும் நல்ல ஆள்னு அன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன். கண் ஆஸ்பத்திரிக்கும் நானே பேசறேன்.

பேரம் பேசற மாதிரி இருக்குன்னு எழுதின பிறகுதான் தெரியுது. கிழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன், அதனால அப்படியே இருக்கட்டும்.

மாமா உன்னைக் கேட்டார். "மச்சான் இல்லாம வீட்ல எனக்குப் பக்கபலமே இல்ல"ன்னார்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

நான் வர மாட்டேன். ரோஷம்னு நினைக்காத. ரோஷம் இருக்கு, ஆனா காரணம் அது இல்ல.

இதை எப்படி எழுதறதுன்னு தெரியல. நேராவே சொல்லிடறேன். அந்த அறுபது ரீடிங்கும் செல்லாது. என்னாலதான்.

நம்ம கண்கட்டு முறை உன் ஏற்பாடு. ஒரு டப்பாவுல சீட்டு போட்டு வெச்ச. மேல், கீழ், சும்மான்னு மூணு விதம். நீ ஒண்ணை எடுத்து, அதுக்குத் தக்கபடி லேசர் நிறத்தைக் கொஞ்சம் மேல தள்ளுவ, இல்ல கீழ தள்ளுவ, இல்ல சும்மா விடுவ. அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து "எடு"ம்ப. நீ என்ன வெச்சிருக்கன்னு தெரியாம நான் ஸ்க்ரீன்ல புள்ளியைக் குறிக்கணும். ஆசை கண்ணை மறைக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவு ஏற்பாடும்.

ஆனா எனக்குத் தெரியும்க்கா. நீ "எடு"ன்னு சொல்ற தினுசுலயே தெரியும்.

சின்ன வயசுல பட்டனைக் கைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு எந்தக் கைன்னு கேட்பியே. நான் ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. நீ அழுதுட்டுப் போய் அம்மாகிட்ட, இவன் எட்டிப் பாக்கறான்னு கோள் சொன்ன. நான் எட்டிப் பார்த்ததே இல்ல. நீ கேட்கிறதுலயே இருக்கும். மேல்னு சீட்டு வந்தா உன் "எடு" துள்ளும். கீழ்னா இறுக்கமா வரும். சும்மான்னா பாதியை முழுங்கிடுவ, உனக்கு அதுல சுவாரஸ்யம் இல்லாத மாதிரி. முப்பத்தஞ்சு வருஷமா கேட்ட குரல். ஒரு பலகைத் தடுப்பு என்ன பண்ணும்?

முதல்ல எனக்கே உறைக்கல. சத்தியமா. அந்த எண்ணெய்க் கறை மாதிரி பரவின வெளிச்சத்துல நடு எங்க வேணாலும் இருக்கலாம். நீ துள்ளினா என் கை தானா கொஞ்சம் மேல போயிடுச்சு. இருபதாவது ரீடிங்ல எனக்குப் புரிஞ்சுடுச்சு. நான் எழுந்து வந்து, "அக்கா, நிறுத்து, எனக்குத் தெரிஞ்சு போகுது, சுருட்டையை உட்கார வை"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னா அன்னிக்கு நீ சந்தோஷமா இருந்த. ரெண்டு வருஷமா ஒண்ணும் வராம, மூஞ்சி எல்லாம் கறுத்துப் போயிருந்த. அந்த மத்தியானம் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ ஏதோ பாட்டு முணுமுணுத்த. நான் மீதி நாப்பதையும் எடுத்துக் குடுத்தேன்.

அதனாலதான் அன்னிக்கு இருபது பேர் முன்னாடி நீ என்னைச் சொன்னப்ப நான் வாயைத் திறக்கல. சொன்ன குத்தம் பொய். ஆனா குத்தவாளி நான்தானேன்னு நின்னேன். போனை எடுக்காததும் இதுக்குத்தான். உன் குரலைக் கேட்டா உனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுடும், தெரிஞ்சா செஞ்சுடுவேன்.

சாப்பிட உட்கார்ந்தா இதுதான். லென்ஸ் தேய்ச்சா இதுதான். முதலாளி "என்னப்பா, உன் ஆவி உன்னைப் பிடிச்சுடுச்சா"ன்னு கேலி பண்றார். நேத்துதான் வீட்ல சொன்னேன். "உங்க அக்காகிட்ட முதல்ல சொல்லுங்க, என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது"ன்னா. சரியாத்தான் சொன்னா.

குப்பி சுத்தம்னு எழுது. ஆள் சுத்தம் இல்லைன்னு எழுது. இந்தத் தடவை சரியான குத்தத்தை என் மேல போடு, நான் வாங்கிக்கறேன். சுருட்டைகிட்ட நான் மன்னிப்பு கேட்டதா சொல்லு. பாவம், யார் தப்புக்கு யார் அலையறா.

தம்பி


மார்ச் 30

தம்பி,

உன் கடிதத்தைப் படிச்சதும் முதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்றேன். தப்பிச்சேன்னு நினைச்சேன். நீயே எழுதிக் குடுத்துட்ட, இதை அப்படியே கொண்டுபோய் டைரக்டர் மேசையில வெச்சா என் வேலை முடிஞ்சது. கடிதத்தை ஒரு கவர்ல போட்டு, பைக்குள்ள வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் ஆபீஸ் போனேன், வந்தேன். அவர் ரூம் கதவு வரைக்கும்கூட ஒரு தடவை போனேன். உள்ள யாரோ இருந்தாங்க. வெளியில பெஞ்சுல உட்கார்ந்தேன்.  எழுந்து வந்துட்டேன்.

அப்புறம் அஞ்சாவது குப்பியில, குரலே இல்லாம அறுபது எடுத்தேன். சீட்டுக்குப் பதிலா கம்ப்யூட்டரே நிறத்தை மாத்துது. "எடு"ங்கறதுக்குப் பதிலா அந்தப் பக்கம் ஒரு சின்ன பல்பு எரியும். அதைப் பார்த்து சுருட்டை குறிச்சா. நாலு கோடு வந்தது. அறுபதும் சேர்த்துச் சராசரி நாலு, கொஞ்சம்கூட ஆட்டம் இல்ல. கிட்டத்தட்ட அந்த ரெண்டு லேபுக்கும் வந்த அளவுதான். ஆவி வெளிச்சத்தை வளைக்குது, நாம சொல்ற பக்கம் வளைக்குது, அதுல சந்தேகம் இல்ல. நாலு கோடு. அதுவே போதுமான விஷயம். அவளோட கண் முதல்ல இருந்தே சரியாத்தான் இருந்திருக்கு.

இப்ப நான் சொல்ல வேண்டியதைச் சொல்றேன்.

நாம அறுபது எடுத்த அந்த நாள் காலைல சுருட்டைதான் அந்த நாற்காலியில இருந்தா, ஞாபகம் இருக்கா? பதினஞ்சு எடுத்தா. நாலு வந்தது. நான் அந்தப் பதினஞ்சையும் நோட்ல இருந்து கிழிச்சேன். உனக்குக் கண் பழகலைம்மான்னு சொல்லி அவளை லைப்ரரிக்கு அனுப்பினேன். சாப்பாட்டுக்கு அப்புறம் உன்னை உட்கார வெச்சேன்.

மூணாவது ரீடிங். நிறத்தைத் திருப்பின கையோட நான் "எடு"ன்னேன். சொல்லி வாய் மூடறதுக்குள்ள உன் மவுஸ் சத்தம் கேட்டுச்சு. நிறம் மாறி, வெளிச்சம் நகர்ந்து நிக்கவே ரெண்டு விநாடி ஆகும்டா. நீ குறிக்கிறப்ப ஸ்க்ரீன்ல ஒண்ணுமே மாறியிருக்காது. அப்ப நீ எதைப் பார்த்துக் குறிச்ச? எனக்கு அந்த விநாடியே புரிஞ்சுடுச்சு. பட்டன் விளையாட்டு எனக்கும் ஞாபகம் இருக்கு. நீ எட்டிப் பார்க்கலைன்னு எனக்கு எட்டு வயசுலயே தெரியும்.

நீ இருபதாவதுல கண்டுபிடிச்ச. நான் மூணாவதுல. இது எனக்கு ஏதோ பெருமைன்னு எழுதல.

நான் நிறுத்தல. அதுமட்டும் இல்ல. பத்தைத் தாண்டினதும், நான் வேணும்னே சொல்ல ஆரம்பிச்சேன். இன்னும் தெளிவா. மேல்னா இன்னும் துள்ளலா, கீழ்னா இன்னும் இறுக்கமா. பாட்டு முணுமுணுத்தேன்னு எழுதியிருக்கியே, அதுகூட நீ எழுந்து வந்துடாம இருக்கறதுக்குத்தான். நான் சந்தோஷமா இருந்தா நீ நிறுத்த மாட்டன்னு எனக்குத் தெரியும்.

குப்பியைப் பத்தி முதல் கடிதத்துல கேட்டதும் நடிப்பு. ஒரு நாள் வான்னு கூப்பிட்டது உன் கண்ணுக்காக இல்ல, உன் காதுக்காக. இன்னொரு தடவை பன்னிரண்டை எடுத்துடலாம்னு.

மன்னிச்சுடுன்னு எழுதக் கை வரல. எந்த வாயால கேட்கிறது?

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை கடைக்குப் பின்னாடி தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு படிச்சேன். முதலாளி வந்து பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம போயிட்டார். அந்த வாயாடியே பேசலைன்னா என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு பார்த்துக்கோ.

ஆறு மாசமா நான் என்னை நானே தின்னுக்கிட்டிருந்தேன். அக்காவை ஏமாத்திட்டோம்னு. உன்னை நினைச்சு அழுதிருக்கேன். நீ என்னடான்னா தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னை வாசிச்சுக்கிட்டு இருந்திருக்க. என் பாசம் எந்தப் பக்கம் சாயும்னு தெரிஞ்சு, அதுக்குத் தக்கபடி குரலைத் திருப்பியிருக்க. அப்புறம் அதே ஆளை, இருபது பேர் முன்னாடி, குப்பியைக் கெடுத்தவன்னு சொல்லியிருக்க. எப்படிக்கா மனசு வந்தது?

நீ சுருட்டையோட பதினஞ்சு தாளைக் கிழிச்சதை அவகிட்ட சொன்னியா? எனக்கு எழுதினது பெரிசு இல்ல. அவகிட்ட முதல்ல சொல்லு.

எல்லாத்தையும் எழுது. டைரக்டருக்கு, ஜர்னலுக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு. உள்ளது உள்ளபடி. அது வரைக்கும் எனக்குக் கடிதம் போடாத. மாமாவையும் தூது விடாத, அவரைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

எழுதிட்டேன். ஜர்னலுக்குப் போன கடிதத்தோட நகல் இதோட இருக்கு, ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதையேதான் குடுத்தேன். அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதியிருக்கேன். டைரக்டர்கிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சார். அப்புறம் லேப் சாவியைக் கேட்டார். கொத்துல இருந்து அந்த ஒரு சாவி மட்டும் வரவே மாட்டேன்னு அடம் பிடிச்சது. நகம் பேந்துடுச்சு. கடைசியில அவரே எடுத்துக்கிட்டார். இனிமே அந்த ரூமுக்கு வேற ஒருத்தர் பொறுப்பு. நான் மாடியில ஒரு மேசையில உட்கார்றேன். அடுத்து என்னன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

சுருட்டைகிட்ட அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். தாளைக் கிழிச்சதைச் சொன்னேன். அவ அழுவான்னு நினைச்சேன். "மேடம், அந்தப் பதினஞ்சும் என் நோட்ல எழுதி வெச்சிருக்கேன்"னா. அவ்வளவுதான் சொன்னா. நாலு கோட்டை வெச்சே அவ பிஎச்.டி.யை முடிக்கலாம்னு புதுப் பொறுப்பாளர் சொல்லியிருக்கார். என்கிட்ட பேசறதில்ல. படியில எதிர்ல வந்தா ஒதுங்கி நின்னு வழி விடறா, அதுதான் தாங்க முடியல.

உன் ஃபைல்ல இருந்த வரியை எடுத்தாச்சு. பதிலா, குப்பி நிரப்பினதுல எந்தக் குறையும் இல்ல, பழி தவறாச் சுமத்தப்பட்டதுன்னு என் கையெழுத்தோட இருக்கு. கண் ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். ஆமா, உன் ஊருக்கு வந்துட்டுத்தான் போனேன். கடைக்கு எதிர்ல பஸ் நிறுத்தத்துல கொஞ்ச நேரம் நின்னேன். நீ குனிஞ்சு ஏதோ தேய்ச்சுக்கிட்டிருந்த. வரலை. எழுதாதன்னு சொன்ன நீ வான்னா சொல்லுவே?

அவங்க அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கலையாம். மே மாசம் உன்னைச் சேரச் சொல்றதா சொன்னாங்க. இந்த ஒண்ணாவது உருப்படியா நடந்ததேன்னு இருக்கு.

நான் நல்லா இருக்கேன். மாமா டீ போட்டுக் குடுக்கறார், வாயில வைக்க விளங்கல, குடிக்கிறேன்.

அக்கா


மே 9

அக்கா,

கண் ஆஸ்பத்திரியில இருந்து ஆர்டர் வந்தது. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். வாலு அந்தத் தாளைச் சுவர்ல ஒட்டி வெச்சா. நானும் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமா இருந்தேன். மறுநாள்தான் நீ அனுப்பின நகலைப் பொறுமையா உட்கார்ந்து படிச்சேன்.

"ரீடிங் எடுத்தவருக்கு இது எதுவும் தெரியாது. என் குரலில் இருந்த குறிப்பு அவரை அவர் அறியாமலே பாதித்தது. இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை."

இப்படி எழுதியிருக்கக்கா. ஜர்னலுக்கு, ஆபீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மூணு இடத்துக்கும்.

உள்ளது உள்ளபடின்னு சொன்னேனே. இருபதாவதுல எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு என் கையால உனக்கு எழுதினேனே. நாப்பது ரீடிங் தெரிஞ்சே எடுத்தவன் நான். நீ ஏன் இப்படி எழுதினன்னு எனக்குப் புரியாம இல்ல. எல்லாத்தையும் உன் மேலயே அள்ளிப் போட்டுக்கிட்டு என்னைக் கழுவி விட்டிருக்க.  ஒரு நாள் முழுக்க, அப்படியே இருக்கட்டும்னுதான் நினைச்சேன். யாருக்குத் தெரியப் போகுது?

அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வேலையை யோசிச்சேன். கண்ணுக்குள்ள பிரஷர் பார்க்கிற மெஷின் சரியான நம்பர் காட்டுதான்னு நான்தான் பார்த்துச் சொல்லணும். ஒரு நாள் பெரிய டாக்டர் அவசரத்துல, "சரியாத்தானே இருக்கு?"ன்னு ஒரு தினுசாக் கேட்பார். அவருக்கு என்ன பதில் வேணும்னு எனக்கு உடனே தெரிஞ்சுடும். அப்ப நான் என்ன சொல்லுவேன்? எனக்கே என் மேல நம்பிக்கை இல்லாதப்ப, உன் பொய்யை நம்பி அவங்க என்னை எப்படி எடுக்கலாம்?

அதனால நானும் எழுதிட்டேன். இருபதுக்கு அப்புறம் தெரிஞ்சேதான் குறிச்சேன்னு. ஜர்னலுக்கு ஒண்ணு, உன் ஆபீசுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு. அஞ்சு நாளாச்சு. நேத்து ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. வேணாம்னுட்டாங்க. சுவர்ல இருந்த தாளை வாலு தூங்கினதுக்கு அப்புறம் எடுத்தேன். காலைல அவ கேட்டப்ப, அப்பா ஒரு தப்பு பண்ணினேன், அதைப் போய்ச் சொல்லிட்டேன், அதனால வேலை இல்லைன்னு சொன்னேன். "சொல்லலைன்னா?"ன்னு கேட்டா. சொல்லலைன்னா வேலை இருந்திருக்கும்னேன். பிரஷ்ஷை வாயில வெச்சுக்கிட்டே ஸ்கூலுக்கு லேட்டாச்சுன்னு என்னையே திட்டினா.

முதலாளிக்கு மட்டும் வாயெல்லாம் பல்லு. நான் போயிடுவேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தார் போல.

பஸ் நிறுத்தத்துல நின்னேன்னு எழுதியிருக்க. நான் உன்னைப் பார்த்தேன். பச்சைப் புடவை, கையில மடிச்ச குடை. தலையைத் தூக்கக் கூடாதுன்னு ஒரே லென்ஸைத் தேய்ச்சுத் தேய்ச்சு அது பிரேமை விடச் சின்னதாப் போயிடுச்சு. எழுந்து வந்திருக்கலாம். வரல. அந்தக் குத்தம் என்னோடது.

ஆனா ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. ரெண்டு தடவை நீ என்னைப் பத்திப் பொய் எழுதியிருக்க. முதல் தடவை என்னைக் கெடுக்க, ரெண்டாவது தடவை என்னைக் காப்பாத்த. ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்கலையேக்கா.

தம்பி